சேர்த்துவைப்பவர் யார்?

சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தை நடத்தும்போது எங்கள் ஆசிரியர் ஒரு வாதத்தை மட்டும் நிறுத்தி, திரும்பவும் சொன்னார். கண்ணுக்கு நிறம் தெரியும், மணம் தெரியாது. மூக்குக்கு மணம் தெரியும், நிறம் தெரியாது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத ஐந்து வாயில்கள். ஆனாலும் ‘மல்லிகையைப் பார்த்தேன், அதையே முகர்ந்தேன்’ என்று சொல்ல நமக்கு ஒரு தடங்கலும் இல்லை. அப்படியானால் ஐந்தையும் வாங்கிச் சேர்த்துவைக்கும் ஒருவர் அவற்றுக்குப் புறம்பாக இருந்தாக வேண்டும். அவரே உயிர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இதை எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே நியாய நூலார் இதே தடத்தில் நடந்திருக்கிறார்கள்: கண்ணால் கண்டதையே கையால் தொடுகிறேன் என்று அறிகிறவர் கண்ணும் அல்ல, கையும் அல்ல.

விடுமுறை நாளில் நடக்கும் சித்தாந்த வகுப்பு அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், வங்கிக்காரர்கள், இரண்டொரு இல்லத்தரசிகள். எல்லோரும் தலையசைத்தார்கள். எனக்குத் தலை அசையவில்லை. காரணம் என் பிழைப்பு.

வண்டிகளின் சத்தத்தைத் தேடிப் பிடிப்பது என் வேலை. ஒரகடம் பக்கம் ஒரு சோதனைக்கூடம். சுவரெல்லாம் எதிரொலியை விழுங்கும் நுரைப்பஞ்சு பதித்த அறை. புது கார், பைக், மின்மோட்டார் எதுவானாலும் அதற்குள் ஓடவிட்டு, ‘இந்த விசில் எங்கிருந்து வருகிறது’ என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். கியர்பாக்ஸா, பேரிங்கா, சைலன்ஸரைப் பிடித்திருக்கும் கிளாம்பா என்று டிசைன் ஆட்கள் தங்களுக்குள் பழிபோட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஒலிக் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்துவோம். பெரிய வளையம் ஒன்று. அதன் விளிம்பைச் சுற்றி மைக்குகள். நடுவில் ஒரு சாதாரண கேமரா. திரையில் எஞ்சினின் படம் தெரியும். அதன்மேல், சத்தம் பிறக்கும் இடத்தில் சிவப்பு விழும்.

அந்தச் சிவப்பு எப்படி விழுகிறது என்பதில்தான் எனக்கும் மூன்றாம் சூத்திரத்துக்கும் தகராறு. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். 34 சென்டிமீட்டர் கடக்க ஒரு மில்லிவினாடி ஆகும். எஞ்சினின் ஒரு மூலையில் பிறந்த சத்தம் பக்கத்து மைக்கை முதலிலும் தள்ளியிருக்கும் மைக்கைப் பிறகும் தொடும். கணினி படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. ‘சத்தம் இங்கே பிறந்திருந்தால் இந்த மைக்குக்கு இவ்வளவு தாமதம், அந்த மைக்குக்கு அவ்வளவு’ என்று வைத்துக்கொண்டு, அந்தத் தாமதங்களைக் கழித்துவிட்டு எல்லா அலைகளையும் கூட்டுகிறது. ஊகம் சரியென்றால் முகடு முகட்டோடு சேர்ந்து தொகை பெருகும். தவறென்றால் முகடும் பள்ளமும் மோதி ஒன்றையொன்று தின்றுவிடும். பெருகிய இடம் சிவப்பு, தேய்ந்த இடம் நீலம்.

எந்த மைக்குக்கும் எஞ்சின் தெரியாது, திசையும் தெரியாது. காற்றழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே அதற்குத் தெரியும். ‘எங்கே’ என்ற செய்தி எந்த மைக்கிலும் இல்லை. எல்லாம் ஒரே கணத்தில் ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் இருக்கிறது. ஐந்து வாயில்களில் எதற்கும் தெரியாத ஒன்று தெரியவருகிறது என்பதை வைத்தே ஆறாவதாக ஒரு ஆளைத் தேட வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது. தாமதம் சரியாக இருந்தால் போதும். சேர்க்கை தானாக நடக்கும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு தேடும் நேரத்தில் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல கருவிதான் அம்மா. ஆனா அந்தத் திரையைப் பார்க்கிறது நீங்கதானே? கூட்டிக் கழிச்சது கம்ப்யூட்டர். சிவப்பு இங்கேன்னு அறிஞ்சது யாரு?”

“நான்தாங்க ஐயா. ஆனா திரையே இல்லாம இதே கணக்கைப் போடற உயிர் ஒண்ணு இருக்கு. கூகை.”

“கூகையா? நம்ம கோபுரத்துலயே குடியிருக்கே!” என்று சிரித்தார்.

கூகை கும்மிருட்டில் எலியின் சலசலப்பை மட்டும் வைத்து அதன்மேல் குறிதவறாமல் இறங்கும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர் துளி வெளிச்சமும் இல்லாத அறையில் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். அது எப்படி முடிகிறது என்பதற்கான வரைபடத்தை, கூகையின் மூளையை யாரும் திறந்து பார்ப்பதற்கு முன்பே, 1948இல் லாயிட் ஜெஃப்ரஸ் என்ற உளவியலாளர் காகிதத்தில் போட்டுவிட்டார். வலப்பக்கத்துச் சத்தம் வலக்காதை முதலில் தொடும், இடக்காதைச் சற்றே பிந்தித் தொடும். மனிதத் தலையில் இந்த வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மில்லிவினாடியில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு காதுகளிலிருந்தும் நரம்பிழைகள் எதிரெதிராக வந்து ஒரு வரிசை நரம்பணுக்களைத் தொடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அணுவுக்கும் வலமிருந்து வரும் பாதை ஒரு நீளம், இடமிருந்து வரும் பாதை இன்னொரு நீளம். இரண்டு துடிப்பும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் மட்டுமே அணு பேசும்.

ஐயாவுக்கு நான் கல்யாண மண்டபத்தை வைத்து விளக்கினேன். முகூர்த்தம் விழுப்புரத்தில். மதுரைக்காரர்கள் ராத்திரியே கிளம்புகிறார்கள், திருச்சிக்காரர்கள் விடியலில், செஞ்சிக்காரர்கள் குளித்துச் சாவகாசமாக. முந்திக் கிளம்பியவர்களுக்கு நீண்ட வழி, பிந்திக் கிளம்பியவர்களுக்குக் குறுகிய வழி. எல்லோரும் தாலி கட்டும் நேரத்துக்கு ஒன்றாக உள்ளே நுழைகிறார்கள். வேறு ஊர் மண்டபமாக இருந்தால் இப்படிக் கூடியிருக்க மாட்டார்கள். ஆகவே எந்த மண்டபம் நிறைந்தது என்பதே, யார் எப்போது கிளம்பினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. காதிலும் அப்படித்தான். முந்திப் புறப்பட்ட துடிப்புக்கு நீண்ட இழை, பிந்தியதற்குக் குறுகிய இழை. எந்த அணு பேசுகிறதோ அதன் இருப்பிடமே ஒலியின் திசை.

1980களின் இறுதியில் கால்டெக்கில் மாசகாசு கொனிஷியும் கேத்தரின் காரும் கூகையின் மூளைத்தண்டில் இந்த ஏற்பாட்டைக் கண்டார்கள். ஒரு காதின் இழைகள் மேலிருந்தும் மற்றதன் இழைகள் கீழிருந்தும் எதிரெதிராக நுழைகின்றன. இழை உள்ளே போகப்போகத் தாமதம் கூடுகிறது. நம்மைப் போன்ற பாலூட்டிகளில் இது இதே வடிவில் இல்லை, இருபக்க நரம்புக் கூட்டங்களின் பலத்தை ஒப்பிட்டே நாம் திசை அறிகிறோம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. கூகை வரையில் வழக்கு தீர்ந்துவிட்டது.

ஐயா மண்டபக் கதையை ரசித்தார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்.

“முகூர்த்தம் குறிச்சது யாரும்மா?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து முதலில் தேடிப் படித்தது தாமதத்தின் கதையைத்தான், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. நரம்பில் செய்தி நேரமெடுத்துத்தான் போகிறது என்பதை 1850இல் கோனிக்ஸ்பெர்க்கில் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பை வைத்து அளந்தார். அதை ஒருநாளும் அளக்க முடியாது என்று கருதியிருந்தவர் அவருடைய ஆசிரியர் யோஹன்னஸ் முல்லர். கிடைத்த விடை வினாடிக்கு 25 முதல் 40 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைத் தன் தந்தைக்கு எழுதியபோது, தத்துவப் பற்றுள்ள பள்ளி ஆசிரியரான அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எண்ணமும் அதன் உடல் வெளிப்பாடும் முன்பின்னாக நடப்பவை அல்ல, ஒரே உயிர்ச்செயல் என்பது அவர் எண்ணம். என்றோ மறைந்த விண்மீன் இன்றும் தெரிகிறது என்பதை எப்படி நம்ப முடியாதோ அப்படி இதையும் நம்ப முடியவில்லை என்று பதில் எழுதினார். அந்தத் தந்தையை எனக்குப் பிடிக்கிறது. கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிகிறது, வலி ஒரு மூச்சு கழித்து வந்து சேருகிறது. வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் போகின்றன. ஆனாலும் ‘நான் இப்போது உணர்கிறேன்’ என்பதில் அந்த இடைவெளியை நாம் யாரும் எண்ணுவதில்லை. அறிவு என்றால் உடனடியானது என்ற பிடிப்பு அவ்வளவு ஆழமானது.

ஆனால் தாமதம் அறிவுக்குக் குறை அல்ல, அதுவே அறிவின் கருவி என்பதை நான் முழுக்கப் புரிந்துகொண்டது கெர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் எழுத்தில். 1990களின் தொடக்கத்தில் பெர்லினில் அவர் நரம்பு வலையை மின்சுற்றாகப் பார்க்காமல், அலைகள் பரவி ஒன்றையொன்று வெட்டும் வெளியாகப் பார்த்தார். ஒரு துடிப்பு பல இழைகளில் பிரிந்து, வேறு வேறு தாமதத்தோடு ஓடி, எந்த இடத்தில் மறுபடி ஒன்றாகச் சந்திக்கிறதோ அந்த இடத்தில்தான் செய்தி இறங்குகிறது. ஒரு கம்பியில் ஓடும் துடிப்புக்கு முகவரி கிடையாது. சந்திக்கும் நேரமே முகவரி.

அவருடைய கணக்கு ஒன்று என் மேசைமேல் எழுதி ஒட்டும்படியானது. துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி நீடிக்கிறது. வினாடிக்கு 100 மீட்டர் ஓடும் தடித்த இழையில் அந்தத் துடிப்பு 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும். அவ்வளவு பெரிய தூரிகையால் மூளைக்குள் எந்தப் படமும் வரைய முடியாது. வினாடிக்கு ஒரு மீட்டர் ஊரும் இழையில் அதே துடிப்பு ஒரு மில்லிமீட்டர்தான். மெதுவாகப் போவதால்தான் நுட்பம் வருகிறது. எங்கள் கூடத்திலும் இதே விதிதான்: 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் மூன்றரை மீட்டர் அளவு, அது திரையில் எஞ்சின் முழுவதையும் மூடும் சிவப்புப் போர்வையாக விழும். 10,000 ஹெர்ட்ஸ் கீச்சல் மூன்றரை சென்டிமீட்டர். எந்த நட்டு என்று சொல்லிவிடலாம்.

நரம்புக்காகப் போட்ட கணக்கை ஹைன்ஸ் மைக்குகளின் பதிவில் செலுத்திப் பார்த்தார், ஒலிப்படம் வந்தது. பெர்லினின் அட்லர்ஸ்ஹோஃபில் அது கருவியாக வளர்ந்தது. தாமதித்துக் கூட்டும் உத்தி அதற்கு முன்பே ரேடாரிலும் சோனாரிலும் இருந்தது. 1976இல் பில்லிங்ஸ்லியும் கின்ஸும் விமான எஞ்சினை ஆராய ‘ஒலித் தொலைநோக்கி’ ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஹைன்ஸ் சேர்த்தது வேறு: நரம்பில் காலம் முன்னோக்கி மட்டுமே ஓடுவதால் அங்கே விழும் படம் கண்ணாடி பிம்பம்போல் திரும்பியிருக்கும், கணினியில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம் என்பதால் படம் நேராக விழும். மூளை முழுவதும் இப்படித்தான் இயங்குகிறது என்று யாரும் நிறுவிவிடவில்லை. மூளையில் அலைகள் வெட்டிக்கொள்வதைப் பற்றி 1942இலேயே பேசியவர் கார்ல் லாஷ்லி. அவரே 1950களின் தொடக்கத்தில் குரங்கின் மூளைப்புறணியில் தங்கத் தகடு வைத்துப் பார்த்து, மூளை மின்புலத்தால் படம் வரைகிறது என்ற கருத்தை மறுத்தார். இழைவழியே ஓடும் துடிப்புகளின் சந்திப்பை அந்தத் தகடு மறுக்கவில்லை, நிறுவவும் இல்லை.

அடுத்த மாத வகுப்பில் ஐயாவிடம் பாதி வழக்கைத்தான் என்னால் நடத்த முடிந்தது. முகூர்த்தம் குறித்தது யார் என்ற கேள்வி எங்கள் கூடத்திலும் தினமும் எழுகிறது. ஒலிக் கேமராவிடம் முதலில் நான் ஒரு தூரத்தைச் சொல்ல வேண்டும்: ‘எஞ்சின் வளையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது.’ அதை இரண்டு மீட்டர் என்று மாற்றினால் தாமதங்கள் மாறும், சிவப்பு கலங்கும். ஒரே பதிவு, என் ஊகத்துக்குத் தக்கபடி தெளிவாகவோ கலங்கலாகவோ விழுகிறது. அறையில் நுரைப்பஞ்சால் மூடாத கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதற்குப் பின்னாலிருந்து சத்தம் வருவதாகத் திரை காட்டும். மைக்குகளின் இடைவெளி அலைநீளத்தில் பாதியைத் தாண்டும் கீச்சல்களில், ஒன்றும் இல்லாத இடத்திலும் சிவப்பு விழும்; ஒரு முகடு தன் ஜோடியை விட்டுவிட்டு அடுத்த முகட்டோடு ஒத்துப்போய்விடும். இவற்றை நாங்கள் பேய் என்றே சொல்வோம். பேயும் சந்திப்பில் பிறந்ததுதான். சந்திப்பு மட்டும் போதும் என்று நான் சொன்னால் பேயையும் அறிவு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

கூகைக்கு முகூர்த்தம் குறித்தவர் யார் என்பதை எரிக் நட்சன் 1980களில் தேடினார். ஸ்டான்ஃபோர்டில் அவர் கூகைக் குஞ்சுகளுக்குப் பட்டகக் கண்ணாடி மாட்டினார். பார்க்கும் உலகம் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்து தெரியும். வாரங்கள் போகப்போக, குஞ்சின் செவிப்புலன் தன் திசைக்குறிப்பைக் கண்ணோடு ஒத்துப்போகும்படி மாற்றிக்கொண்டது. கவனிக்க வேண்டியது மாற்றம் நடந்த இடம். இரண்டு காதுத் துடிப்புகள் சந்திக்கும் முதல் நிலையம் பழையபடியே இருந்தது. அதற்கு மேலே, ‘இந்தச் சந்திப்பு என்றால் இந்தத் திசை’ என்று படிக்கும் நிலையத்தில்தான் இணைப்புகள் புதிதாக முளைத்தன. சந்திப்பு அதே, அதற்குக் கொண்ட பொருள் மாறிவிட்டது.

இதை வைத்துக்கொண்டு மணிமேகலையைத் திறந்தால் பௌத்தர்களின் வழக்கு எளிதில் வென்றுவிடும்போல் தோன்றும். சார்பில் தோன்றும் பன்னிரண்டு கண்ணிகளில் ஊறு ஒன்று. வாயிலும் பொருளும் உணர்வும் கூடும் கூட்டமே ஊறு, கூட்டுகிறவர் வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு வடிவம் தருவது முன் செய்கைகளின் தடம். அதுவும் ஆள் அல்ல. கூகையின் இரண்டு நிலையங்களும் இந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கின்றன. ஐந்து புலன்களையும் சேர்க்க ஒருவர் தேவை என்ற வாதம், சேர்க்கை என்பதை ஒரு செயலாக, அதுவும் ஒருவர் செய்யும் செயலாக எடுத்துக்கொள்கிறது. அது நிகழ்வாகவும் இருக்கலாம் என்று தெரிந்த பிறகு அந்த வாதத்தின் ஒரு கால் போய்விடுகிறது. இதை நான் வகுப்பில் எழுந்தே சொன்னேன்.

“சரி, சேர்க்கிறவரை விட்டுடலாம்” என்றார் ஐயா. யாரும் எதிர்பார்க்கவில்லை. “மெய்கண்டார் அதோட நிறுத்தலையே அம்மா. உடம்பை அவரே எந்திரம்னுதான் சொல்றார். எந்திரம் தானா ஓடட்டும். உயிர் தானா அறியாது, அறிவிச்சாத்தான் அறியும்னு அதே சூத்திரத்துல இருக்கு பாருங்க. உங்க கூகைக்குக் கண்ணு அறிவிச்சுது, காது திருந்திச்சு. திருத்தினா திருந்துற ஒண்ணு இருக்குல்ல? அதுக்குப் பேரு வேண்டாமா?”

இது எனக்கு மிக நல்ல பதிலாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. உள்ளே திரை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டி மனிதரைச் சித்தாந்தம் நம்பவில்லை. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் ஒன்றைத்தான் அது உயிர் என்கிறது. பட்டகம் மாட்டிய கூகைக் காது அதற்கு நேரடி உதாரணம். ‘நான்’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் பார்க்கிறவர் என்பதைவிடத் திருந்தக்கூடியவர் என்பது எனக்குப் பொருந்துகிறது. எங்கள் ஒலிக் கேமரா ஆயிரம் முறை பேயைக் காட்டினாலும் திருந்தாது. தூரத்தை நான்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஐயாவின் பதிலுக்குள் ஒரு முள் இருக்கிறது. நட்சனின் சோதனையில் காது சரியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தவறு கண்ணாடி மாட்டிய கண்ணில். தவறான கண் சரியான காதைத் ‘திருத்தியது’. குஞ்சின் உலகம் ஒத்திசைவாகிவிட்டது, உண்மையாகவில்லை. குருவும் பட்டகம் மாட்டியவராக இருந்தால்? திருத்துகிறவரை அப்படியே நம்பிவிடுவது, சேர்த்துவைப்பவரை நம்புவதைவிட ஆபத்தானது. சாதியைப் புண்ணியமென்று தலைமுறை தலைமுறையாகக் காதில் ஏற்றியதும் இதே வழியில்தான். எல்லாப் புலனும் ஒத்துப்போயிற்று, பேயே ஊராகிவிட்டது.

கூகை ஆய்விலேயே இதற்கு ஒரு நம்பிக்கை உண்டு. பட்டகத்தைக் கழற்றினால் இளங்கூகையின் காது பழைய நிலைக்குத் திரும்பும். வளர்ந்த கூகை ஒரேயடியாகப் பெரிய கோணத்துக்கு மாறாது. ஆனால் சிறிய கோணமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அதுவும் கணிசமாக மாறும் என்று 2002இல் லிங்கன்ஹோக்கரும் நட்சனும் காட்டினார்கள். நோன்பு, பாராயணம், மாதந்தோறும் பாயில் உட்கார்ந்து சூத்திரம் கேட்பது எல்லாவற்றையும் நான் இந்தச் சிறுகோணங்களாகவே மதிக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரே இரவில் எதுவும் திரும்பாது.

எந்தக் கோணம் சரி என்பதற்கு என் தொழிலில் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். திரையில் சிவப்பு விழுந்தால் உடனே அறிக்கை எழுத மாட்டோம். வளையத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு இடத்தில் நிறுத்தி மறுபடி எடுப்போம். உண்மையான மூலம் எஞ்சினின் அதே மூலையில் நிற்கும். பேய் இடம் மாறிவிடும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு எத்தனை மணி நேரம் பதிவு செய்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

நம் நூல்களுக்கு இந்தச் சோதனை தெரியாததல்ல. மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் நின்று அவரவர் திறத்தைக் கேட்ட பிறகுதான் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். சைவத்தில் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கத்தை வைத்தார். எதிர்க்கட்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறகே மறுக்கிறார். மறுப்பில் எனக்கு எல்லா இடத்திலும் உடன்பாடு இல்லை. வரிசையில் உடன்பாடு உண்டு. எங்கள் வகுப்பில் வழக்கமாகப் பரபக்கத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். இந்த முறை உலகாயதத்திலிருந்து தொடங்கி நிறுத்தி நடத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பௌத்தர்களின் முறை வரும்போது அவர்கள் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும் என்றார் ஐயா. நான் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.